செருகுநிரல்

ஒரு மென்பொருளில் கூடுதல் திறன் சேர்க்கும் ‘ப்ளகின்’ என்பதற்குத் தமிழில் செருகுநிரல், சொருகி, நீட்சி என மூன்று சொற்கள் புழங்குகின்றன. மூன்றும் ஒன்றல்ல. நீட்சி என்றால் இருப்பதே நீள்வது. செருகுவதோ வெளியிலிருந்து வரும் பொருளை அதற்கென விட்ட இடத்தில் நுழைப்பது, கூரை எரவாணத்தில் அரிவாளைச் செருகுவதுபோல. இடம் விடாத இடத்தில் நுழைத்தால் அது இடைச்செருகல். சுவடிப் பதிப்பாசிரியர்களுக்குத் தலைவலி. சொருகி பேச்சு வழக்கு. செருகுபவரா, செருகப்படுவதா என்று மயங்கவைக்கும். ஆகவே செருகுநிரலே பொருத்தம்.

ஆங்கில ‘ப்ளக்’ டச்சு வழி வந்தது. முதற்பொருள் துளையை அடைக்கும் தக்கை! அந்த அடைப்புப் பொருள் நம் ‘செருகு’வில் இல்லை, அதுவும் நல்லதுதான்.

ஊட்டி மலை ரயிலில் கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே பல்சட்டம் உண்டு. எஞ்சினின் பல்சக்கரம் அதைப் பற்றி ஏறும். குன்னூருக்கு மேல் இரண்டும் வேண்டாம். ஆனால் வேண்டிய இடத்தில் ஒன்று மட்டும் இருந்து பயனில்லை.

ஜாவா நிரல்களைத் தொகுத்துக் கட்டும் அப்பாச்சி ஆன்ட் என்னும் கட்டமைப்புக் கருவியின் விருப்பப் பணிகளும், அதாவது வேண்டுபவர் மட்டும் செருகிக்கொள்ளும் பணிகளும், இப்படி இரு பாதிகள். நிரலைச் சோதிக்கும் ஜேயூனிட் பணிக்கு ஆன்ட்-ஜேயூனிட் ஜாரும் (ஜார் என்பது ஜாவா வகுப்புகளைக் கட்டிவைத்த கோப்பு) வேண்டும், ஜேயூனிட்டின் சொந்த ஜாரும் வேண்டும், ஜேயூனிட் 4.11 முதல் அது சார்ந்திருக்கும் ஹாம்கிரெஸ்ட் ஜாரும் தனியாக. உபுன்டுவில் ‘ஆன்ட்’ பொதியை மட்டும் நிறுவினால் முதல் பாதி வராது, ‘ஆன்ட்-ஆப்ஷனல்’ பொதியையும் சேர்க்க வேண்டும். எது குறைகிறது என்று அறிய ஆன்ட்டை ‘-டயக்னாஸ்டிக்ஸ்’ கொடுத்து ஓட்டுங்கள். பணியின் வகுப்பே இல்லை என்பதும், அது சார்ந்திருக்கும் நூலகம் (சார்பு நூலகம்) இல்லை என்பதும் அதில் தனித்தனியே வரும். ஆன்ட்-கான்ட்ரிப் போன்ற பிறர் பங்களிப்புகளுக்கு ஜார் மட்டும் போதாது. கட்டமைப்புக் கோப்பில் ‘டாஸ்க்டெஃப்’ போன்ற வரி எழுதி அறிமுகப்படுத்த வேண்டும்.

ஜாரைத் தேடும் வரிசைதான் பலரைக் கவிழ்ப்பது. கட்டளையில் ‘-லிப்’ என்று காட்டிய கோப்புறை முதலில், பிறகு பயனரின் வீட்டுக் கோப்புறையில் உள்ள ‘.ஆன்ட்/லிப்’, கடைசியில்தான் ஆன்ட் நிறுவிய இடத்தின் ‘லிப்’. என்றோ வீட்டுக் கோப்புறையில் போட்டு மறந்த பழைய ஜார், புதிதாக நிறுவியதை முந்திக்கொள்ளும். ஒருவர் கணினியில் ஓடுவது அடுத்தவர் கணினியில் ஓடாததற்குப் இதுவும் ஒரு காரணம். ‘-நோயூசர்லிப்’ சேர்த்து ஓட்டிப் பார்த்தால் குட்டு வெளிப்படும்.

சார்பு நூலகங்களை இறக்க ஆன்ட்டுடன் வரும் ‘ஃபெட்ச்’ கோப்பு உதவும். ‘டெஸ்ட்’ (dest, போய்ச் சேரும் இடம்) மதிப்பை ‘யூசர்’ என்றால் வீட்டுக் கோப்புறைக்கும், ‘சிஸ்டம்’ என்றால் நிறுவிய இடத்துக்கும் போகும். ஐப்பசி மழையில் கோத்தகிரிப் பக்கம் இணைய இணைப்பு போய்விட்டால் அதுவும் நின்றுவிடும். அதனால் ஜார்களைத் திட்டத்தின் கோப்புறையிலேயே வைத்து ‘-லிப்’ மூலம் காட்டுவது மேல். கோப்பின் பெயரில் பதிப்பு எண் இருக்கட்டும்.