ஹெப்பாட்டிகா: ஈரல் பெயர் கொண்ட பூ

கனடாவில் படிக்கும் அண்ணன் மகள் ஏப்ரலில் வாட்சாப்பில் ஒரு படம் அனுப்பினாள். காய்ந்த சருகுகளுக்கு நடுவே, விரல் உயரத்தில் ஒரு வெளிர்நீலப் பூ. "சித்தப்பா, இதுக்குப் பேரு ஹெப்பாட்டிகாவாம். தமிழ்ல என்னா?" எனக்குச் சட்டென்று நினைவுக்கு வந்தது பூ இல்லை. மலேசியாவின் பாடாங் செராய் கிளினிக் சுவரில் ஒட்டியிருந்த ஹெப்படைட்டிஸ் பி தாள்.

இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். கிரேக்கத்தில் 'ஹேப்பார்' என்றால் கல்லீரல். ஈரல் அழற்சி ஹெப்படைட்டிஸ். ஈரலிலிருந்து முதலில் பிரித்தெடுத்த, இரத்தம் உறையாமல் காக்கும் மருந்து ஹெப்பாரின். நம் பழைய வைத்திய நூல்களில் வரும் 'யகிருது' என்ற வடசொல்லும் ஹேப்பாருக்குத் தூரத்து உறவு என்பது மொழியியலார் முடிவு.

பூவில் ஈரலைத் தேடினால் கிடைக்காது. பெயர் இலைக்கு வைத்தது. மூன்று மடல், குளிர்காலம் முழுக்க உதிராமல் தரையோடு கிடந்து, செங்கபிலமும் ஊதாவுமாக நிறம் மாறும். சந்தையில் தட்டில் வைத்த ஈரல் போலவே இருக்கும். உறுப்பைப் போலிருக்கும் செடி அந்த உறுப்பைக் குணமாக்கும் என்று ஐரோப்பிய வைத்தியர்கள் ஒரு காலத்தில் நம்பினார்கள். வல்லாரை இலை மூளை வடிவம், அதனால் ஞாபகசக்தி என்று நம் வீட்டில் சொல்வதும் ஏறக்குறைய அதே கணக்குத்தான். ஆனால் பச்சை ஹெப்பாட்டிகாவின் சாறு தோலை எரிக்கும். மருந்தென்று நம்பக் கூடாது.

நான் அவளிடம் இலையைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். வெள்ளை, இளஞ்சிவப்பு, ஊதா, நீலம் என்று பூவின் நிறம் மாறும். நிறத்தை நம்பினால் ஏமாறுவோம். இலை ஏமாற்றாது. மடல் நுனி உருண்டை ஒரு வகை, கூர்மை இன்னொரு வகை. வட அமெரிக்கக் காடுகளில் இரண்டும் உண்டு. காம்பில் பூனைமுடி போல மென்மயிர். பூவை ஒட்டி அடியில் மூன்று பச்சைச் செதில்கள். பார்ப்பவர் புல்லிவட்டம், அதாவது பூவின் வெளியுறை, என்றே நினைப்பார்கள். அவை பூவடிச் செதில்கள். நிறத்தோடு இதழ் போல நிற்பவைதான் புல்லிகள். அல்லி இதழ் இந்தப் பூவுக்குக் கிடையாது. தேனும் இல்லை, மகரந்தத்துக்காகவே தேனீ வரும். இரவிலும் மழையிலும் மூடிக்கொள்ளும். விதையை எறும்பு இழுத்துப் போகும்.

இவ்வளவு சீக்கிரம் பூக்க என்ன அவசரம்? பால்மரக் காட்டில் வேலை செய்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆண்டுத் தொடக்கத்தில் ரப்பர் இலை கொட்டியதும், இருட்டாகக் கிடந்த நிரைக்குள் வெயில் தரைவரை இறங்கும். கொழுந்து விட்டதும் மறுபடி நிழல். (இப்போது எங்கள் பக்கம் செம்பனைதான், அதாவது எண்ணெய்ப்பனைதான் அதிகம், அது இலை கொட்டாது.) குளிர்நாட்டுக் காட்டிலும் மேலே மரம் துளிர்ப்பதற்குள் கிடைக்கும் வெயிலில் இது பூத்து முடித்துவிட வேண்டும். புது இலைகூட பூவுக்குப் பிறகுதான்.

ஆகவே இதை 'இளவேனில் பூ' என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. நம் கணக்கில் இளவேனில் சித்திரையும் வைகாசியும். இது பல இடங்களில் தலைகாட்டுவது மாசி, பங்குனியில், அதாவது பின்பனியில். ஜப்பானியர் இதை 'யுக்கிவாரிசோ' என்கிறார்கள், பனியைப் பிளக்கும் செடி என்று பொருள். ஜெர்மானியர் 'லேபர்ப்லூம்ஷென்', ஈரல் பூக்குட்டி என்று செல்லமாக.

தமிழில்? 'ஈரல்பூ' தவறு, ஈரல் பூவில் இல்லை. 'ஈரலிலை' அழகு, ஆனால் ஒரு சிக்கல்: நமக்குக் கல்லீரலும் ஈரல், நுரையீரலும் ஈரல், மண்ணீரலும் ஈரல். அதே ஐரோப்பியக் காட்டில், அதே பருவத்தில், புள்ளி இலை நுரையீரல் போலிருப்பதால் 'புல்மொனாரியா' என்று பெயர்பெற்ற பூச்செடியும் உண்டு. இரண்டும் 'ஈரலிலை' ஆனால் குழப்பம்தான். கொஞ்சம் நீளமானாலும் 'கல்லீரலிலை' என்பதே என் தேர்வு. பேச்சில் 'பின்பனிப்பூ' என்றாலும் எனக்குச் சம்மதம்.

பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த அம்மா, "ஈரலுக்கு நல்லதுன்னா கொஞ்சம் காயவச்சு அனுப்பச் சொல்லேன்" என்றார். காமாலைக்குக் காலங்காலமாக நம்மவர் தேடும் கீழாநெல்லியின் பெயரில் ஈரலே கிடையாது. இலைக்காம்புக்குக் கீழே காய்ப்பதால் அந்தப் பெயர். மலாய்க்காரர்கள் அதையே பிள்ளையைச் சுமப்பதாகப் பார்த்து 'டுக்கோங் ஆனாக்' என்றார்கள்.

"அம்மா, உங்க செடி கொல்லையிலேயே கிடக்கு" என்றேன்.