பர்மிஷன்: விடுப்பா, அனுமதியா, அணுகுரிமையா?

புதுச்சேரி காமராஜர் சாலைப் பக்கம் ஒரு பாத்திரக் கடை. கணக்கு மென்பொருளை ஒழுங்குசெய்து கொடுக்கப் போயிருந்தேன். பில் போடும் தம்பியிடம், "உங்களுக்குப் பர்மிஷன் இல்லை, இனிமே பழைய பில்லைத் திருத்த முடியாது" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. "நேத்து ஒரு மணி நேரம்தான் சார் கேட்டேன். முதலாளி சரின்னுதானே சொன்னாரு?" என்றார்.

அவர்மேல் தவறில்லை. நம் ஊர் அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் பர்மிஷன் என்றால் வேலை நேரத்தில் எடுக்கும் சிறு விடுப்பு. "பர்மிஷன் போட்டிருக்கேன்" என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. பிரெஞ்சிலும் படைவீரரின் விடுப்புக்குப் பெயர் 'பெர்மிசியோன்'தான். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வுபெற்ற 'சொல்தா'க்கள் வாழும் இந்த ஊரில் அந்தப் பொருளும் புழங்கியிருக்கும். மூலம் லத்தீன்: 'பெர்' என்றால் ஊடே, 'மித்தெரே' என்றால் விடு, அனுப்பு. ஊடே போகவிடுவதுதான் பர்மிஷன். தமிழிலும் 'விடு' என்பதிலிருந்துதானே 'விடுப்பு' வந்தது!

மென்பொருளில் இந்தச் சொல் வேறு வேலை செய்கிறது. யார் உள்ளே வரலாம், எந்தப் பதிவைப் பார்க்கலாம், எதை மாற்றலாம் என்று முன்கூட்டியே வகுத்து வைப்பதுதான் அங்கே பர்மிஷன். இதற்கு 'அனுமதி' என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். அது வடசொல். 'அநு', 'மதி' இரண்டும் சேர்ந்து, ஒருவர் கேட்க இன்னொருவர் மனம் இசைவதைக் குறிக்கும். பில் போடும்போது யாரும் யாரையும் கேட்பதில்லை. கேள்வியும் பதிலும் முன்பே முடிந்துவிட்டன. அதனால் எனக்கு அந்தச் சொல் நிறைவு தரவில்லை.

கூடவே வரும் 'ஆக்சஸ்' என்ற சொல்லுக்கு லத்தீனில் 'நோக்கிச் செல்லுதல்' என்று பொருள். அதற்கு 'அணுகு' அப்படியே பொருந்துகிறது. இது பழைய வேர். தஞ்சைப் பெரிய கோயிலில் 'அணுக்கன் திருவாயில்' உண்டு. நெருங்கியிருப்பவர் அணுக்கர், அவர் வழி அணுக்கன் வாயில். எல்லா வாயிலும் எல்லாருக்கும் இல்லை என்பதை நம் மொழி கல்லிலேயே எழுதி வைத்திருக்கிறது. ஆகவே என் தேர்வு 'அணுகுரிமை'.

கடை முதலாளி இதை ஏற்கவில்லை. "உரிமைன்னு குடுத்துட்டா அப்புறம் எடுக்க முடியாதே?" என்று கேட்டார். நல்ல கேள்வி. 'உரிமை' என்பது 'உரி' என்ற வேரில் பிறந்தது. உரியவரிடம் இருப்பது உரிமை. உரியவர் மாறினால் அதுவும் மாறும். அதே வேரில் வந்த ஓட்டுநர் உரிமத்தைப் பறிக்க முடிகிறது அல்லவா? அதைச் சொன்ன பிறகுதான் சமாதானமானார்.

அடுத்த சிக்கல், மென்பொருளில் ஒருவர் பார்க்கும் வேலையைக் குறிக்கும் 'ரோல்'. நடிகர் பேச வேண்டிய வரிகளை எழுதிச் சுருட்டிய தாள்சுருளுக்குப் பிரெஞ்சில் அந்தப் பெயர். அதிலிருந்து நடிகர் ஏற்கும் வேடத்துக்கும், பின்பு ஒருவர் பார்க்கும் வேலைக்கும் ஆனது. தமிழில் 'பாத்திரம்' என்றால் இந்தக் கடையில் குடமும் குண்டானும்தான். 'பங்கு' என்றால் கூட்டாளிகளின் லாபப் பங்கு. இலங்கைத் தமிழர் எழுதும் 'வகிபாகம்' அழகுதான், ஆனால் இங்கே காதுக்குப் புதிது. 'பொறுப்பு' என்பதே சரி. பொறுப்பை ஒப்படைக்கலாம், ஏற்கலாம், கூடுதலாகவும் கவனிக்கலாம். அரசு அலுவலகங்களில் நாள்தோறும் புழங்கும் சொல்.

1992-ல் அமெரிக்கத் தரநிலை நிறுவனத்தைச் சேர்ந்த டேவிட் ஃபெராயோலோவும் ரிச்சர்ட் கூனும் முன்வைத்த முறையும் இதுதான்: உரிமையை ஆளுக்குக் கொடுக்காமல் பொறுப்புக்குக் கொடுப்பது, ஆளைப் பொறுப்பில் அமர்த்துவது. சோழர் ஆட்சியிலும் வேலை இப்படித்தான் பிரிந்திருந்தது. அரசன் வாய்மொழியாகச் சொன்னதை எழுதியவர் திருமந்திர ஓலை. அதை ஒப்புநோக்கியவர் திருமந்திர ஓலை நாயகம். வரிப்பொத்தகத்தில் ஏற்றியவர் இன்னொருவர்.

அணுகுரிமை ஒற்றைப் பொருளும் அல்ல. பார்த்தல், பதிதல், திருத்தல், நீக்குதல், அச்சிடுதல் என்று தனித்தனியே பிரியும். டேலி என்ற கணக்கு மென்பொருளில் பின்தேதியிட்டு எத்தனை நாள் வரை பதியலாம் என்றுகூடப் பொறுப்புவாரியாகக் கட்டுப்படுத்தலாம். பதிகிறவருக்கே நீக்கும் உரிமையும் இருந்தால் தொல்லை அங்கே தொடங்குகிறது.

இந்தக் கடையில் நடந்ததைச் சொல்கிறேன். நாலு பேருக்கும் சேர்த்து ஒரே பயனர் பெயர், 'அட்மின்'. கடவுச்சொல் சுவரில் தொங்கிய நாட்காட்டியில் எழுதியிருந்தது. ஒருநாள் ஒரு கொள்முதல் பில் கணக்கில் காணவில்லை. எல்லார் பார்வையும் வயதில் இளைய அந்தத் தம்பிமேல்தான் விழுந்தது. அவர் செய்யவில்லை என்று காட்ட ஒரு வரி ஆதாரம் இல்லை. மூன்று நாள் சரியாகச் சாப்பிடாமல் கிடந்திருக்கிறார். நான்காம் நாள் அந்த பில் வேறு மாதத் தேதியில் கிடைத்தது. பதிந்தது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. அணுகுரிமையைச் சரியாக வகுப்பது முதலாளியின் பணத்துக்கு மட்டும் பூட்டு என்று நினைக்கிறார்கள். எனக்கு அந்தத் தம்பியின் முகம்தான் நினைவுக்கு வருகிறது.

யார் எப்போது எதை மாற்றினார் என்ற பதிவைத் 'திருத்தத் தடம்' என்று சொல்லலாம். கம்பெனிச் சட்டத்தின் கீழ் வரும் நிறுவனங்களின் கணக்கு மென்பொருளில் இது அணைக்க முடியாதபடி இருக்க வேண்டும் என்பது 2023 ஏப்ரல் 1 முதல் விதி. கூட்டாண்மைக் கடைகளை இந்த விதி கட்டுப்படுத்தாது. இருந்தாலும் இங்கே அதை இயக்கிவிட்டேன். நால்வருக்கும் தனித்தனிப் பெயர், தனித்தனிக் கடவுச்சொல். 'பொறுப்பு: பில்', 'பொறுப்பு: இருப்பு', 'பொறுப்பு: கணக்கு' என்று தமிழிலேயே பெயரிட்டேன். நாட்காட்டித் தாளைக் கிழித்தது முதலாளிதான்.

கிளம்பும்போது அந்தத் தம்பி வாசல்வரை வந்தார். "நான் பர்மிஷன்ல போற ஒரு மணி நேரத்துக்கு என் பொறுப்பை யாருக்கு மாத்துவீங்க சார்?" என்று கேட்டார். இருப்பு பார்க்கும் அண்ணனுக்குத்தான், ஆனால் பில்லில் அவர் பெயர்தான் விழும், உங்கள் பெயர் விழாது என்றேன்.