கடிகாரம் எண்ணுவது இதயத்தையா, கால்களையா?

52 வயது வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: “மெதுவோட்டம் ஓடும்போது கைக்கடிகாரம் நாடித்துடிப்பு 164 என்று காட்டி எச்சரிக்கை ஒலி எழுப்புகிறது. எனக்கோ பெரிதாக மூச்சு வாங்குவதில்லை. பக்கத்தில் ஓடுபவரிடம் பேசிக்கொண்டேதான் போகிறேன். கடிகாரத்தை நம்புவதா, என்னை நம்புவதா?”

அந்த 164 என்ற எண்ணைக் கடிகாரம் கற்பனை செய்திருக்காது என்பது என் ஊகம். எதையோ அது ஒழுங்காகத்தான் எண்ணியிருக்கிறது. எதை என்பதுதான் கேள்வி.

இருட்டறையில் டார்ச் விளக்கின்மேல் விரல்நுனியை அழுத்தி வைத்துப் பாருங்கள். விரல் சிவப்பாக ஒளிரும். வெள்ளை ஒளியில் எல்லா நிறங்களும் இருக்க, சிவப்பு மட்டும் ஏன் தப்பி வருகிறது? பச்சையையும் நீலத்தையும் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் பெருமளவு விழுங்கிவிடுகிறது. கடிகாரத்தின் அடிப்பக்கத்தில் பச்சை விளக்கு மினுக்குவதற்கும் இதுதான் காரணம். தோலுக்கு அடியில் இரத்தம் கூடுகிறதா குறைகிறதா என்று அறிய, இரத்தம் விழுங்கும் நிறத்தைத்தானே அனுப்ப வேண்டும்?

இதயம் ஒருமுறை சுருங்கியதும் மணிக்கட்டின் நுண்ணிய நாளங்களில் இரத்தம் சற்றே பெருகுகிறது. திரும்பி வரும் பச்சை ஒளி சற்றே மங்குகிறது. அடுத்த துடிப்புவரை மீண்டும் தெளிகிறது. விளக்குக்குப் பக்கத்திலுள்ள ஒளி உணரி இந்த ஏற்ற இறக்கத்தை வினாடிக்குப் பல முறை குறித்துக்கொள்கிறது. கடிகாரம் இதயத்தைத் தொடுவதுமில்லை, கேட்பதுமில்லை. தோல் எவ்வளவு மங்குகிறது என்று பார்க்கிறது, அவ்வளவுதான். மார்பில் கட்டும் பட்டை வேறு வகை: அது இதயத்தின் மின் அலையையே பிடிக்கிறது. கம்பியில்லாமல் கைக்கடிகாரத்துக்கு எண்ணை அனுப்பும் அத்தகைய கருவியை பின்லாந்தின் போலார் நிறுவனம் 1982-லேயே விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது.

ஒளியைக் கொண்டு நாடி பார்ப்பது அதைவிடப் பழைய யோசனை. அமெரிக்க உடலியங்கியல் ஆய்வாளர் ஆல்ரிக் ஹெர்ட்ஸ்மன் 1930-களின் பிற்பகுதியில், விளக்கொளியும் ஒளி மின்கலமும் கொண்டு விரலில் இரத்தம் ஏறி இறங்குவதைப் பதிவு செய்தார். தோலில் இரத்தம் எப்படி ஓடுகிறது என்பதே அவர் கேள்வி. அன்றைக்கு யாராவது “இதனால் என்ன லாபம்?” என்று கேட்டு நிதியை நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று, ஆய்வு நிதியில் கைவைக்கும் ஒவ்வொரு முறையும் எனக்குத் தோன்றும்.

இனி நான் ரசிக்கும் இடத்துக்கு வருகிறேன். திரும்பி வரும் ஒளியில் பெரும்பகுதி தோல், தசை இவற்றில் பட்டுச் சிதறி வருவது. துடிப்பினால் மாறுவது பெரும்பாலும் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது அதைப் பிரித்தெடுப்பது எளிது. ஓடத் தொடங்கினால்? கை வீசும்போது கடிகாரம் தோலின்மேல் நழுவுகிறது, இடுக்கு வழியாக வெளிச்சம் புகுகிறது, நாளங்களில் உள்ள இரத்தமே குலுங்குகிறது. நாடியின் அலையைவிட இந்தக் குலுக்கலின் அலை பல மடங்கு பெரிது. குண்டும் குழியுமான சாலையில் ஓடும் வண்டியில் ஒரு குவளைத் தண்ணீரை வைத்து, அதில் ஓர் எறும்பு நீந்துவதால் எழும் சலனத்தை அளப்பது போன்ற வேலை இது.

கடிகாரத்தின் உத்தி என்ன? உள்ளே முடுக்கமானி என்ற இன்னொரு உணரி இருக்கிறது. கையின் அசைவை மட்டும் அளப்பது அதன் வேலை. ஒளி உணரி தருவதோ நாடியும் அசைவும் கலந்த கலவை. கலவையை அதனுள் இருக்கும் தாளங்களாகப் பிரித்துப் பார்த்தால் நிமிடத்துக்கு 128 முறை வரும் ஒன்றும், 164 முறை வரும் ஒன்றும் தெரிகின்றன என்று வைத்துக்கொள்வோம். முடுக்கமானியிலும் அதே 164 இருக்கிறதா? அப்படியானால் அது காலடி, தள்ளிவிடு. மிஞ்சிய 128 இதயம். எளிமையான, அழகான கழித்தல் கணக்கு.

வம்பு எங்கே என்றால், ஓடுபவரின் காலடிகள் நிமிடத்துக்கு ஏறக்குறைய 150 முதல் 180 வரை. கடுமையாக ஓடும்போது இதயத் துடிப்பும் அதே எல்லைக்குள் வந்துவிடும். இரண்டும் 164 ஆகிவிட்டால் இருப்பது ஒரே தாளம். அதைத் தள்ளினால் இதயமும் சேர்ந்து போய்விடும், வைத்துக்கொண்டால் காலடி இதயமாகிவிடும். அதனால் கடிகாரம் தன் நினைவைத் துணைக்கு அழைக்கிறது: சற்று முன்பு 125 இருந்தது, இரண்டு வினாடியில் 164-க்குத் தாவியிருக்க முடியாது, ஆகவே நம்பாதே. இந்த நிதானத்துக்கும் ஒரு விலை உண்டு. நீங்கள் சட்டென்று வேகம் எடுக்கும்போது இதயம் உண்மையிலேயே ஏறினாலும் கடிகாரம் சில வினாடிகள் பின்தங்கித்தான் வரும்.

நிறுவனத்துக்கு நிறுவனம் இந்தத் தீர்ப்பின் தரம் மாறுகிறது. மலிவு விலைக் கடிகாரங்களில் பட்டை தளர்வாகவும் தோல் குளிர்ந்தும் இருந்தால், நாடியின் அலை சிறுத்து, காலடி ஜெயித்துவிடுகிறது. என் பழைய கடிகாரத்தைச் சுருட்டிய துண்டின்மேல் கட்டிப் பார்த்தேன். சிறிது யோசித்துவிட்டு 74 என்றது. தாளத்தைத் தேடச் சொல்லி வைத்திருக்கிறார்கள், அது தேடிக் கண்டுபிடித்துவிட்டது.

வாசகருக்கு ஒரு சோதனை எழுதி அனுப்பினேன். அதே வேகத்தில் ஓடிக்கொண்டே, கடிகாரம் கட்டிய கையை மட்டும் மார்போடு சேர்த்து அசையாமல் அரை நிமிடம் வையுங்கள். எண் மளமளவென்று இறங்கினால் அது காலடி. பிறகு நின்று, உடனே மறு கையின் இரு விரல்களால் மணிக்கட்டில் நாடியை 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். ஒரு முழு நிமிடம் எண்ணாதீர்கள். நின்றதுமே இதயம் இறங்கத் தொடங்கிவிடும், கணக்கு குறைவாக வரும். மார்பு வலியோ தலைச்சுற்றலோ இருந்தால் மட்டும் சோதனை வேண்டாம், நேரே மருத்துவரிடம் போங்கள்.

எச்சரிக்கை ஒலிக்குக் காரணமான கணக்கையும் பார்த்துவிடுவோம். 220-இலிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு; 52 வயதுக்கு 168. வாசகரின் 164 அதை நெருங்கிவிட்டது. 1971-இல் ஃபாக்ஸ், ஹாஸ்கெல் என்ற ஆய்வாளர்கள் அன்றிருந்த தரவுகளைக் கோடு போட்டுப் பார்த்து வந்த தோராயம் இது. 2001-இல் தனகா என்ற ஆய்வாளரின் குழுவினர் தந்த சூத்திரம் வேறு: 208-இலிருந்து வயதின் பத்தில் ஏழு பங்கைக் கழிக்க வேண்டும். 40 வயதில் இரண்டும் 180 என்றே சொல்கின்றன. 60 வயதில் 160, 166 என்று பிரிகின்றன. இரண்டுமே சராசரிகள். ஒரே வயதுள்ள இருவருக்கிடையே பத்து, இருபது துடிப்பு வித்தியாசம் சாதாரணம். இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தவே பொருந்தாது. இப்படிப்பட்ட எண்ணை நெருங்கிவிட்டோமே என்று பதறுவதற்கும் ராசிபலன் படித்துவிட்டு வெளியே கிளம்பத் தயங்குவதற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்பது இதைவிட நல்ல அளவுகோல். வாசகர் அதைத் தாமாகவே கண்டுபிடித்திருக்கிறார்.

ஒரு வாரம் கழித்து பதில் வந்தது. கையை மார்போடு சேர்த்ததும் 164 சரசரவென 131-க்கு வந்ததாம். நின்று விரலால் எண்ணியபோது 15 வினாடியில் 32. கடிகாரத்தை மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரற்கடை மேலே தள்ளி, பட்டையை ஒரு துளை இறுக்கி, பத்து நிமிடம் நடந்து உடல் சூடானபின் ஓடத் தொடங்கியிருக்கிறார். இப்போது ஒலி வருவதில்லையாம், மேட்டில் ஏறும்போது தவிர.