பின்கொலனியம்: சொல் விளக்கம்

ஓவியக் கண்காட்சிக் கையேடுகளில் இப்போது அடிக்கடி கண்ணில் படும் சொல் இது; அந்நியர் ஆட்சி போன பிறகும் போகாத அதன் பார்வையைக் கேள்வி கேட்கும் கோட்பாட்டின் பெயர், ஆங்கிலத்தில் போஸ்ட்கொலோனியலிசம். இலங்கையில் பின்கொலனியம், பின்கொலனித்துவம் என்று எழுதுவோம். தமிழ்நாட்டில் பின்காலனியம், பின்னைக்காலனியம்.

வேர் இலத்தீனில் இருக்கிறது. 'கொலோனுஸ்' என்றால் உழவன், குடியேறியவன். ரோமர்கள் வென்ற மண்ணில் தங்கள் ஆட்களைக் கொண்டுபோய் இருத்திய ஊர் 'கொலோனியா'. ஆக, காணி பூமி பிறப்பிலேயே இந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அதைப் பார்த்துத்தான் நம் பாடநூல்கள் கொலனியத்தைக் 'குடியேற்றவாதம்' என்றன. அகராதிப்படி சரி. ஆனால் யாழ்ப்பாணத்தில் குடியேற்றம் என்றதும் யாருக்குப் பறங்கி நினைவுக்கு வருகிறான்? அரசே வெளியிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து குடியேற்றிய, 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டமும் பிறகு மணலாறும்தான் வரும். 1619இல் போர்த்துக்கீசரும் 1658இல் ஒல்லாந்தரும் 1795இல் ஆங்கிலேயரும் யாழ்ப்பாணத்தைப் பிடித்தது வரிக்கும் வணிகத்துக்கும் மதத்துக்கும்; கூட்டமாக வந்து வயல் செய்வதற்கு அல்ல. எனவே 'கொலனி'யை அப்படியே வைத்துக்கொள்வதே நல்லது என்பேன். கதிரையையும் அலுமாரியையும் சப்பாத்தையும் போர்த்துக்கீசரிடமிருந்தும், கந்தோரை ஒல்லாந்தரிடமிருந்தும் எடுத்துக்கொண்ட நமக்கு இன்னொரு சொல் பாரமா என்ன?

சரி, 'பின்' எதைச் சொல்கிறது? இலங்கை சுதந்திரம் பெற்ற 1948க்குப் பிறகு வந்தது எல்லாம் பின்கொலனியம் என்று காலக்கணக்காக எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. கோட்பாடு அப்படிச் சொல்லவில்லை. ஆட்சி போன பிறகும் அது பழக்கிவிட்ட பார்வை, வகைப்பாடு, பதிவுமுறை எல்லாம் போகாமல் இருப்பதைத்தான் அது கேள்வி கேட்கிறது. கிழக்கு என்பது இப்படித்தான் என்று மேற்கு எழுதியும் வரைந்தும் உண்டாக்கிய பிம்பத்தை 1978இல் 'ஓரியண்டலிசம்' என்ற நூலில் பாலஸ்தீன-அமெரிக்க அறிஞர் எட்வர்ட் சயித் பிரித்துக் காட்டினார். ஓவியத்துக்கு இந்தக் கோட்பாடு வந்துசேர அது பெரிய வாசல்.

நம் ஊரில் இதற்குக் கையில் பிடித்துக் காட்டக்கூடிய உதாரணம் தோம்பு. போர்த்துக்கீசச் சொல், அவர்களும் ஒல்லாந்தரும் வரி அறவிட வைத்திருந்த காணிப் பதிவேடு. யாருக்கு எவ்வளவு நிலம் என்பது அதில் இருக்கும். அங்கே வாழ்ந்தவரின் நினைவு இருக்காது. யாழ்ப்பாண ஓவியர் தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட கலைநூலின் பெயர் 'தி இன்கம்ப்ளீட் தோம்பு', அதாவது முடிவுறாத தோம்பு. போரில் இடம்பெயர்ந்த தமிழரும் முஸ்லிம்களும் இழந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து கீறிக் கொடுத்தார்கள். அதைக் கட்டடக்கலை வரைபடமாக ஒழுங்குபடுத்தியும், ஓவியர் தன் கையால் மறுபடி வரைந்தும் சேர்த்த நூல் அது. நடுங்கிய கோட்டில் ஓர் அறை. அதே அறை அளவுகோல் பிடித்த கோட்டில். அதிகாரி எழுதிய ஏட்டின் பெயரை எடுத்து, வீட்டை இழந்தவரையே எழுத வைத்திருக்கிறார். கோட்டையையோ ஒல்லாந்தர் காலத் தூண்களையோ வரைந்துவிட்டால் மட்டும் ஓர் ஓவியம் பின்கொலனியம் ஆகிவிடாது.

இதோடு சேர்ந்தே வரும் இன்னொரு சொல் 'கலப்பு'. ஆள்வோர், ஆளப்படுவோர் பண்பாடுகள் உரசும் இடத்தில் இரண்டிலும் அடங்காத ஒன்று பிறப்பதைப் பின்கொலனியக் கோட்பாட்டாளர் ஹோமி பாபா இப்படிக் குறிப்பார். சாதிப் பேச்சில் 'கலப்பு' வசையாகவும் வருவதால் கட்டுரைகளில் 'கலப்புத்தன்மை' என்று எழுதுவது குழப்பத்தைக் குறைக்கும்.

பெயராக வரும்போது பின்கொலனியம். அடையாக வரும்போது பின்கொலனிய ஓவியம், பின்கொலனிய வாசிப்பு. 'கொலனித்துவத்துக்குப் பிந்திய' என்பதை வெறும் காலத்தைச் சொல்லும் இடங்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.