பழைய செயின்சா: கார்ப்பரேட்டர் ஸ்க்ரூவில் கை வைப்பதற்கு முன்

கைமாறி வந்த சின்ன செயின்சா (மரம் அறுக்கும் மெஷின்) ஸ்டார்ட் ஆகிறது; ரேஸ் கொடுத்தால் அணைந்துவிடுகிறது. உடனே ஸ்க்ரூடிரைவரை எடுத்து கார்ப்பரேட்டரைத் திருகத் தோன்றும். திருகாதீர்கள். ட்யூனிங் என்பது கடைசி வேலை. வேறெங்கோ இருக்கும் பழுதை ஸ்க்ரூவைத் திருகி மறைத்தால் எஞ்சின் கொஞ்ச நேரம் நன்றாக ஓடும், பிறகு சீஸ் ஆகும், அதாவது பிஸ்டன் சிலிண்டரில் இறுகிவிடும்.

காரணம் டூ ஸ்ட்ரோக் எஞ்சினின் அமைப்பில் இருக்கிறது. பிஸ்டன் மேலே ஏறும்போது அதற்குக் கீழே உள்ள கிராங்க் அறை கார்ப்பரேட்டர் வழியாகக் காற்றையும் பெட்ரோலையும் உறிஞ்சுகிறது. பிஸ்டன் இறங்கும்போது அந்தக் கலவை அழுத்தப்பட்டு, பக்கத் துளைகள் வழியே மேலே போகிறது. இதில் தனியாக எஞ்சின் ஆயில் கிடையாது. பெட்ரோலில் கலந்த 2டி (டூ ஸ்ட்ரோக்) ஆயில்தான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் வழுவழுப்பு. ஆகவே கலவையில் பெட்ரோல் குறைந்தால், அதாவது லீன் ஆனால், சூடும் ஏறும், ஆயிலும் குறையும். நிமிடத்துக்கு 12,000 சுற்றுக்கு மேல் ஓடும் எஞ்சின் இதை வெகுநேரம் தாங்காது.

காசு கொடுக்கும் முன்பே சைலன்சரைக் கழற்றிப் பாருங்கள். கயிற்றை மெல்ல இழுத்து, பிஸ்டன் சுவர் துளைக்கு நேராக வரும் இடத்தில் நிறுத்தி டார்ச் அடியுங்கள். தொழிற்சாலையில் கடைந்த மெல்லிய குறுக்குக் கோடுகள் இன்னும் தெரிந்தால் நல்ல பிஸ்டன். மேலிருந்து கீழாகக் கீறல் இருந்தால் ஏற்கெனவே அடிபட்டது. கீறல் சைலன்சர் பக்கம் மட்டும் என்றால் ஆயில் கலக்காத பெட்ரோலோ லீன் கலவையோ காரணம், ஏனென்றால் பிஸ்டனில் அதிகம் சூடாகும் பக்கம் அதுதான். கார்ப்பரேட்டர் பக்கம் என்றால் கிழிந்த ஏர் ஃபில்டர் வழியே தூசி போயிருக்கிறது. அடுத்து பிளக் துளையில் கம்ப்ரஷன் கேஜை (அழுத்தமானி) மாட்டி, ரேஸை முழுக்கப் பிடித்துக்கொண்டு, முள் ஏறாமல் நிற்கும்வரை கயிற்றை இழுங்கள். 150 பிஎஸ்ஐ வந்தால் திருப்தி. 110க்குக் கீழே நின்றால் ரிங்கோ, சிலிண்டரும் பிஸ்டனுமோ மாற்றியாக வேண்டும். அதற்கு முன் வேறெதற்கும் செலவழிப்பது வீண்.

டேங்கில் கிடக்கும் பழைய பெட்ரோலைக் கொட்டிவிடுங்கள். இந்தியாவில் இப்போது பெட்ரோல் பங்க்குகளில் பரவலாகக் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். அதற்கென்று செய்யப்படாத பழைய ரப்பர் குழாய்களையும், கார்ப்பரேட்டருக்குள் இருக்கும் டயாபிரம் என்ற மெல்லிய சவ்வுகளையும் கெடுக்கும். நல்ல தரமான 2டி ஆயில் என்றால் 50:1 கலவைக்கு லிட்டருக்கு 20 மில்லி. மேனுவலில் 25:1 என்று போட்டிருந்தால் 40 மில்லி. பத்திரத்துக்கு இருக்கட்டும் என்று ஆயிலைக் கூட்டி ஊற்றாதீர்கள். கார்ப்பரேட்டரின் நுண்துளையான ஜெட் வழியே போகும் திரவத்தின் அளவு ஏறக்குறைய அதேதான். அதில் ஆயிலின் பங்கு கூடினால் பெட்ரோலின் பங்கு குறையும், கலவை லீன் பக்கம் நகரும். சைலன்சரில் கரியும் படியும்.

வளைத்த கம்பியால் டேங்குக்குள் இருக்கும் ஃபில்டரை வெளியே இழுத்து, அதோடு வரும் குழாயை மடக்கிப் பாருங்கள். மயிரிழை வெடிப்பு இருந்தாலும் மாற்றிவிடுங்கள். பத்து நிமிடம் ஓடி அணைந்து, டேங்க் மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்து, பிறகு ஸ்டார்ட் ஆனால், டேங்கின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது.

செயின்சா கார்ப்பரேட்டரில் பைக்கில் இருப்பதுபோல மிதவை கிடையாது. எந்தக் கோணத்தில் சாய்த்தாலும் ஓட வேண்டுமே! கிராங்க் அறையின் அழுத்தம் ஏறி இறங்குவதால் ஒரு டயாபிரம் துடித்து டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கிறது. மறுபக்கத்து டயாபிரம் ஒரு சின்ன லீவரை அமுக்கி, ஊசி வால்வைத் திறந்து தேவைக்கு மட்டும் உள்ளே விடுகிறது. ஒரு வருஷம் சும்மா கிடந்த மெஷினில் இவை விறைத்துப் போகும். ஐடிலில் (ரேஸ் கொடுக்காத வேகத்தில்) ஓடி, ரேஸ் கொடுத்ததும் அணைவதற்கு இது முக்கியமான காரணம். டயாபிரம் கிட் வாங்கிப் போடுங்கள். பொதுவாக பம்ப் பக்கம் டயாபிரம் முதலில், அதன்மேல் கேஸ்கட். லீவர் பக்கம் கேஸ்கட் முதலில், அதன்மேல் டயாபிரம். கழற்றும்போதே போட்டோ எடுத்து, லீவரின் உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் குண்டூசித் தலை அளவு வலையை கார்ப் கிளீனரால் கழுவுங்கள். ஜெட்டில் கம்பி விடக் கூடாது. துளை பெரிதானால் பழைய அளவுக்குத் திரும்பாது.

ரேஸை விட்ட பிறகும் வேகம் உடனே இறங்காமல் தொங்கினாலோ, ஐடில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தாலோ காற்றுக் கசிவைச் சந்தேகியுங்கள். கிராங்கின் இரு முனை ஆயில் சீல்களும், கார்ப்பரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் ரப்பரும்தான் வழக்கமான இடங்கள். பிஸ்டனை மேலே நிறுத்தி, கார்ப்பரேட்டர் பக்கம், சைலன்சர் பக்கம் என இரு துளைகளையும் ரப்பர் வைத்து அடைத்து, கைப்பம்பால் 0.5 பார் அழுத்தம் கொடுத்து சோப்பு நீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். வெற்றிடம் வைத்தும் சோதிக்க வேண்டும். தேய்ந்த சீல் உள்பக்கம் மட்டும் காற்றை விடுவது உண்டு.

ஸ்பார்க் பகுதி எளிது. பிளக் இடைவெளி பெரும்பாலான சின்ன மெஷின்களில் 0.5 மில்லிமீட்டர். காயிலுக்கும் ஃபிளைவீலுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடம் போதும்.

'பவர் இல்லை' என்று வரும் மெஷின் பலவற்றில் எஞ்சின் நன்றாகத்தான் இருக்கும், செயின்தான் மழுங்கியிருக்கும். சீவலாக விழாமல் மாவுபோலப் பொடி விழுந்தால் அரம் போட வேண்டும். ஸ்டில் எம்எஸ் 180 போன்ற 31.8 சிசி மெஷினில் 14 அங்குல பாரும் (செயின் சுற்றி ஓடும் தகடு) 3/8 லோ புரொஃபைல் செயினும் வரும். அதற்கு 4 மில்லிமீட்டர் உருண்டை அரம், 30 டிகிரி சாய்வு. பல்லுக்கு முன்னால் நிற்கும் திமில் பல்லைவிட 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். அதை அதிகம் தேய்த்தால் செயின் மரத்தைக் கடித்து உதறும். எல்லாப் பல்லும் ஒரே நீளமாக இல்லாவிட்டால் வெட்டு வளைந்து போகும்.

இப்போது ட்யூனிங். ஏர் ஃபில்டர் சுத்தம், செயின் கூர்மை, பிரேக் விடுவித்த நிலை. பிரேக் போட்டபடி ரேஸ் கொடுத்தால் கிளட்ச் கருகும். மேனுவல் வேறு சொல்லாவிட்டால் கார்ப்பரேட்டரின் எல் (குறைந்த வேகம்), எச் (அதிக வேகம்) ஸ்க்ரூ இரண்டையும் மெல்ல முட்டும்வரை மூடி, ஒரு சுற்று திறந்து, மூன்று நிமிடம் சூடாக்குங்கள். சில சின்ன மெஷின்களில் எச் ஸ்க்ரூவே இருக்காது. வலப்பக்கம் திருகினால் லீன், இடப்பக்கம் ரிச், அதாவது பெட்ரோல் கூடிய கலவை. எல் ஸ்க்ரூவை இருபுறமும் திருப்பி, ஐடில் வேகம் உச்சமாகும் இடத்தைப் பிடித்து, அங்கிருந்து எட்டில் ஒரு சுற்று திறங்கள். சட்டென்று ரேஸ் கொடுத்தால் திணறக் கூடாது. திணறினால் இன்னும் கொஞ்சம் திறங்கள். பிறகு ஐடில் ஸ்க்ரூவால் 2,800 சுற்று அளவுக்கு இறக்குங்கள். அந்த வேகத்திலும் செயின் ஓடினால் கிளட்ச் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. மாற்றாமல் அந்த மெஷினைத் தூக்காதீர்கள்.

எச் ஸ்க்ரூவுக்குக் காது வேண்டும். சற்று ரிச்சாக இருக்கும் எஞ்சின், சுமையில்லாமல் முழு ரேஸில் ஓடும்போது ஒரு சுற்றில் எரியாமல் விடும். எரியாத கலவை மிச்சப் புகையைக் கழுவித் தள்ளுவதால் அடுத்த சுற்றில் எரியும். இப்படி ஒன்று விட்டு ஒன்று வெடிப்பதால் ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிபோலக் கரகரவென்று கேட்கும். மரத்தில் வைத்து அழுத்தியதும் வேகம் இறங்கி, ஒவ்வொரு சுற்றும் எரிய, அந்தக் கரகரப்பு மறையும். நமக்கு வேண்டியது இந்த இடம்தான். கரகரப்பே இல்லாமல் ஊசிபோலக் கீச்சிடும் எஞ்சின் வேகமாக இருப்பதாகத் தோன்றும்; அது லீன். மரமில்லாமல் முழு ரேஸ் சில விநாடிகளுக்கு மேல் வேண்டாம். சுற்றை அளக்கும் டேக்கோமீட்டர் இருந்தால் மேனுவலில் உள்ள உச்சச் சுற்றைத் தாண்ட விடாதீர்கள்.

ஒரு டேங்க் வேலை முடிந்ததும் பிளக்கைக் கழற்றுங்கள். இளம் பழுப்பு சரி. வெள்ளை என்றால் லீன், ஈரக் கறுப்பு என்றால் ரிச்.

ஊட்டி போன்ற 2,200 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அங்கே எஞ்சின் ரிச்சாகக் கரகரக்கும், எச் ஸ்க்ரூவைக் கொஞ்சம் மூட வேண்டிவரும். அதே மெஷினைக் கீழே கொண்டுவந்தால், மரத்தில் வைப்பதற்கு முன் அந்த ஸ்க்ரூவைத் திறந்து, கரகரப்பு திரும்பி வந்துவிட்டதா என்று கேளுங்கள்.