கடல்பாசி ஜெல்லும் கெட்டுப்போகும்

காரைக்குடியில் தோல் மருத்துவம் பார்க்கும் என்னிடம், வீட்டில் கிண்டிய கடல்பாசி ஜெல்லைப் பூசி முகம் பொரிந்து இந்த மாதம் வந்தவர்களில் மூன்றாமவர் ஓர் ஆச்சி. கானாடுகாத்தானிலிருந்து மகளோடு வந்திருந்த அந்த ஆச்சியின் கன்னத்திலும் தாடையோரத்திலும் மயிர்க்கால்தோறும் சீழ் கோத்த சிறு கொப்புளங்கள் இருந்தன. மகள் கொண்டுவந்த கண்ணாடிப் போத்தலைத் திறந்தால், ஜெல் சுருங்கி, கலங்கிய நீர் மேலே பிரிந்து நின்றது. புளித்த வாடை அடித்தது. கிண்டிப் பதினெட்டு நாள் ஆகிறதாம். "கெமிக்கல் ஒரு துளிகூடக் கிடையாது டாக்டர், கடல்பாசியும் அரிசி கழுவிய தண்ணீரும் தேனும்தான்" என்றார் ஆச்சி.

கடல்பாசியிலிருந்து எடுக்கும் அகர், காராஜீனன், ஆல்ஜினேட் மூன்றும் நல்ல பொருள்களே. பற்பசைகள் பலவற்றில் நீர் பிரியாமல் பிடித்து வைப்பது காராஜீனன்தான். பக்கத்து ராமநாதபுரக் கடலோரத்தில் மிதவைகளில் வளர்க்கும் பாசி காராஜீனன் எடுக்கவே போகிறது. ஆனால் அவற்றின் வேலை கெட்டிப்படுத்துவது. முகத்தை வெளுக்க வைப்பதோ சுருக்கத்தை நீக்குவதோ அன்று.

இயற்கையானது என்பதால் கெடாது, கெடாமல் காக்கும் பிரிசர்வேட்டிவ் என்றாலே விஷம் என்ற எண்ணம்தான் என்னை மிகவும் வருத்துகிறது. 1881ஆம் ஆண்டு ஜெர்மனியில் ஃபானி ஹெஸ்ஸே என்ற பெண்மணி, சமையலில் தாம் பயன்படுத்திய அகரைக் கிருமி வளர்க்கவும் பயன்படுத்தலாம் என்று யோசனை சொன்னார்; கிருமிகளை ஆராய்ந்த மருத்துவர் ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடம் அதை ஏற்றது, இன்றும் ஆய்வுக்கூடங்களில் கிருமிகளை அகரின் மேல் வளர்க்கிறோம். பெரும்பாலான கிருமிகளால் அகரைத் தின்ன முடியாது என்பது உண்மைதான்; ஆனால் அகர் பிடித்து வைத்திருக்கும் ஈரமும் அதில் நாம் கலக்கும் உணவும் அவற்றுக்குப் போதும். நூறு பங்கு ஜெல்லில் ஒரு பங்கு அகர் இருந்தாலே உறைந்துவிடும், மீதி ஏறக்குறைய முழுவதும் தண்ணீர். அரிசி கழுவிய நீரின் மாவுச்சத்து அவற்றுக்குச் சோறு. தேன் கெடாதே என்பார்கள். கெடாதது தண்ணீர் சேராத தேன். கொதிக்க வைத்தேனே என்பார்கள். ஆறிய பிறகு தினமும் ஈர விரலை விட்டுத் தோண்டினால் அந்தக் கொதிப்பால் என்ன பயன்? கடையில் வாங்கும் ஜெல்லில் உரிய அளவில் சேர்க்கும் பிரிசர்வேட்டிவ் இந்தக் கிருமிகளைத் தடுக்கத்தான் இருக்கிறது. சிலருக்கு அது ஒவ்வாது. அவர்கள் மருத்துவரிடம் கேட்டு வேறொன்று வாங்கிக்கொள்ளலாம்.

கிண்டித்தான் தீருவேன் என்பவர்கள், ஒரு வேளைக்கு வேண்டிய அளவு மட்டும் கிண்டி, மிச்சத்தை அன்றே கொட்டிவிடுங்கள். குளிர்பதனப் பெட்டி கிருமியைக் கொல்லாது, அதன் வளர்ச்சியை மெதுவாக்கும், அவ்வளவுதான். கண்ணைச் சுற்றியும், புண்ணிலும், சவரம் செய்த தோலிலும் பூசாதீர்கள். கொப்புளம் வந்த பிறகு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு களிம்பை அதன் மேல் தடவவே கூடாது. அந்த ஆச்சி நான்கு நாள் அதைத் தடவியிருந்தார், அதனால் கொப்புளங்கள் கழுத்துவரை இறங்கிவிட்டன.

வெட்கப்பட்டு அந்தப் போத்தலை வீட்டிலேயே கொட்டிவிட்டு வராதீர்கள், தயவுசெய்து என்னிடம் கொண்டுவாருங்கள். அதிலும் உங்கள் சீழிலும் இருப்பது ஒரே கிருமிதானா, எந்த மருந்துக்கு அது அடங்கும் என்பதைச் சோதித்துப் பார்த்தே எழுதிக் கொடுக்க முடியும்.