பன்னிரண்டு படத்தை வைத்து ஒரு மனிதரை அளக்காதீர்கள்

காரைக்குடியில் மருத்துவ உளவியலாளராக இருக்கிறேன். இந்த மாதிரி ரிப்போர்ட் என் மேசைக்கு வருவது முதல் முறை இல்லை. இனியும் எழுதாமல் இருப்பது சரியில்லை என்று தோன்றியது.

ஆத்தங்குடி பக்கம் டைல்ஸ் பட்டறையில் வேலை பார்ப்பவர், ஐம்பது வயதுக்கு மேல், அஞ்சாவது வரை படிப்பு. (அடையாளம் தெரியாமல் இருக்க ஒன்றிரண்டு விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடி. பழையபடி வேலைக்குப் போகலாமா என்று கேட்கத்தான் வீட்டில் ஓர் இடத்துக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். அங்கே ரேவன் மேட்ரிசஸ் என்ற படச் சோதனையின் (கட்டத்தில் விடுபட்ட இடத்துக்குப் பொருந்தும் உருவத்தைக் கீழே உள்ள விடைகளிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும்) 12 கேள்வி சுருக்க வடிவத்தைக் கொடுத்து, மூன்றுதான் சரி என்று எண்ணி, 'அறிவுத்திறன் மிகக் குறைவு' என்று எழுதிவிட்டார்கள். "இனிமே வேலைக்கே அனுப்பக் கூடாதா மேடம்?" என்று அவர் மனைவி கேட்கிறார்.

அந்த மூன்றை யாருடைய மதிப்பெண் அட்டவணையோடு ஒப்பிட்டார்கள் என்று பார்த்தேன். அமெரிக்கக் கல்லூரி மாணவர்களுடையது. அந்த 12 கேள்விகளும் ரேவனின் அட்வான்ஸ்டு வடிவத்தில் உள்ள 36-லிருந்து பொறுக்கியவை. நன்றாகப் படித்தவர்களுக்குள்ளேயே யார் இன்னும் மேலே என்று பிரித்துப் பார்க்க உண்டாக்கிய வடிவம் அது. ஒவ்வொரு கேள்விக்கும் எட்டு விடைகள். கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே ஒன்றிரண்டு சரியாகிவிடும். ஆக, மூன்று மதிப்பெண் சொல்வதெல்லாம் 'இந்தச் சோதனை இவருக்குப் பொருந்தாது' என்பதைத்தான்.

இதைச் சொன்னால் சக உளவியலாளர்களே சொல்லும் பதில்தான் எனக்கு மிகவும் கோபம் வரவைப்பது: "வெறும் படம்தானே, மொழி வேண்டாமே, எந்த ஊருக்கும் பொருந்துமே." பொருந்தாது. மொழி வேண்டாம் என்றால் பள்ளிக்கூடப் பழக்கம் வேண்டாம் என்று அர்த்தம் இல்லை. கட்டத்தை இடமிருந்து வலமாக, வரிசை வரிசையாகப் படிப்பது, கீழே இருக்கும் விடைகளில் ஒன்றுதான் சரி என்று நம்புவது, முன்பின் தெரியாதவர் எதிரே நிதானமாக உட்கார்ந்து யோசிப்பது எல்லாமே படித்து வந்த பழக்கங்கள். நெதர்லாந்தில் ராணுவத்துக்கு வந்த இளைஞர்களின் ரேவன் மதிப்பெண் 1952-க்கும் 1982-க்கும் இடையே சுமார் 20 ஐக்யூ புள்ளி ஏறியது. ஒரே நாடு, ஒரே படங்கள். முப்பது வருஷத்தில் மூளையா மாறியது? படிப்பும் வாழ்க்கையும் மாறியது.

அவரிடம் ஒரு கேள்வியைத் திரும்பக் காட்டினேன். தாளைச் சுற்றிச் சுற்றித் திருப்பினார். பிறகு எதிர்மூலையில் இருந்த உருவத்தின் கண்ணாடிப் பிம்பம் போன்ற விடையைத் தொட்டார். ஏன் என்று கேட்டேன். "நாலு கல்லச் சேத்துப் பதிச்சா இந்த மூலைக்கு இதுதான மேடம் வரும்?" டைல்ஸ் பதிக்கிற கணக்கில் அது சரி. விடைத்தாளில் அது தப்பு. காலமெல்லாம் கண்ணாடி மேல் அச்சை வைத்து, அறை அறையாகக் கலர் சிமெண்டு ஊற்றியவர் விதியைக் கண்டுபிடிக்காமல் இல்லை. வேறு விதியைக் கண்டுபிடித்தார்.

அப்புறம் சுருக்கம் என்பதன் விலை. 60 கேள்வி உள்ள ஒரு சோதனையின் நம்பகத்தன்மை (மதிப்பெண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதன் அளவு, 1 என்றால் முழுமை) 0.90 என்று வையுங்கள். அதே தரக் கேள்விகளில் 12 மட்டும் எடுத்தால் அது சுமார் 0.64-க்கு இறங்கும். ஐக்யூ 82 என்று வந்தால், உண்மை மதிப்பு 64-க்கும் 100-க்கும் இடையே எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். தேர்ந்த கேள்விகளாகப் பொறுக்கினால் கொஞ்சம் தேறும், அவ்வளவுதான். இதை வைத்து சான்றிதழ் எழுதலாமா?

நம் ஊர்ப் பெரியவர்களுக்கென்று நார்ம்ஸ், அதாவது ஒப்பிட்டுப் பார்க்கும் மதிப்பெண் அட்டவணை, உருவாக்க நினைக்கும் ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கல்லூரி வகுப்பறையோடு நிற்காதீர்கள். தேவகோட்டைக்கும் கல்லலுக்கும் போங்கள், பள்ளிக்கூடம் போகாத ஆச்சிகளையும் கொத்தனார்களையும் உட்கார வையுங்கள். வயது, படிப்பு, ஆண் பெண் என்று பிரித்து ஆள் சேருங்கள். ஒரு பிரிவில் 50 பேர்தான் என்றால் உங்கள் ஐந்தாவது சதமானம் (நூற்றுக்குக் கடைசி ஐந்து பேரைப் பிரிக்கும் மதிப்பெண்) இரண்டு மூன்று பேர் தலையில் நிற்கிறது, அதை மறக்காதீர்கள். முழுச் சோதனையை நடத்திவிட்டு அதிலிருந்து 12 கேள்வியை உருவி மதிப்பெண் கணக்கிடாதீர்கள். முந்தைய கேள்விகளே பாடம் நடத்திவிடும். தனியாகக் கொடுத்தால் அந்த மதிப்பெண் வராது. முன்பயிற்சிக் கேள்விகளை ஆற அமரச் சொல்லிக் கொடுங்கள்.

குடும்பத்தார் ரிப்போர்ட் வாங்கும்போது கேளுங்கள்: எந்தச் சோதனை, எத்தனை கேள்வி, யாரோடு ஒப்பிட்டது? பதில் இல்லாவிட்டால் அந்தத் தாளை வைத்து வேலையையோ சொத்தையோ முடிவு செய்யாதீர்கள். வேறொரு மருத்துவ உளவியலாளரிடம் நினைவாற்றல், கவனம், அன்றாடச் செயல்பாடு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். தலையில் அடிபட்டவர் என்றால் நரம்பியல் மருத்துவரையும் கட்டாயம் பாருங்கள்.